எஸ்.ஆர்.சி.-2 கூடும்போது ஆண்ட்ரோஜன் ஏற்பியின் செயல் ஏன் குறைகிறது? துணைப் புரதங்கள் பற்றி ஒரு விரிவான பதில்

பினாங்கில் யு.எஸ்.எம். பல்கலைக்கழகத்தின் மிண்டன் வளாகத்தில் முதுகலை ஆய்வு செய்யும் தம்பி ஒருவர் மூன்று முடிவுகளைச் சொல்லி விளக்கம் கேட்டிருக்கிறார். பிசி-3 என்ற புராஸ்டேட் புற்றுநோய்ச் செல்களில் ஆண்ட்ரோஜன் ஏற்பியையும் (ஆண் ஹார்மோனைப் பிடித்து மரபணுக்களை இயக்கும் புரதம்), பி.எஸ்.ஏ. (ஏற்பி இயங்குவதைக் காட்டும் புராஸ்டேட் புரதம்) மரபணுவின் தொடக்க விசையான புரமோட்டர் இணைத்த, ஒளி தரும் லூசிஃபெரேஸையும் புகுத்தி, ஏற்பியின் துணைப் புரதமான எஸ்.ஆர்.சி.-2-ஐ உண்டாக்கும் பிளாஸ்மிட்டின் (வட்ட டி.என்.ஏ.) அளவை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறார். 50 நேனோகிராமில் ஒளி கூடியது. 400 நேனோகிராமில் ஏற்பி மட்டும் இருந்தபோது கிடைத்ததைவிடக் கீழே இறங்கிவிட்டது. எல்.என்.கேப் என்ற இன்னொரு வகைப் புராஸ்டேட் புற்றுநோய்ச் செல்களில் ஆர்1881 என்ற செயற்கை ஆண்ட்ரோஜனின் அளவைக் கூட்டினால் பி.எஸ்.ஏ. ஏறுகிறது, ஆனால் செல்கள் பெருகுவது மட்டுப்படுகிறது. வி.கேப் என்ற மூன்றாவது வகைச் செல்களுக்கு, ஏற்பியைத் தடுக்க வேண்டிய பைகலுடமைடு மருந்தைக் கொடுத்தால் பி.எஸ்.ஏ. சற்று ஏறுகிறது. “என் செல்கள் கெட்டுப்போய்விட்டனவா?” என்று கேட்கிறார்.

செல்கள் கெடவில்லை, தம்பி. இந்த மூன்று முடிவுகளும் வேறு ஆய்வுக்கூடங்களிலும் கிடைத்தவைதான். மூன்றுக்கும் வேர் ஒன்று. ஹார்மோன் ஏற்பியின் வேலையை ஹார்மோன் மட்டும் தீர்மானிப்பதில்லை. அந்தச் செல்லில் ஏற்பி எவ்வளவு இருக்கிறது, அதைச் சுற்றி எந்தத் துணைப் புரதங்கள் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்பதும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. ஒரே துணைப் புரதம் ஒரு விகிதத்தில் ஊக்கும், வேறொரு விகிதத்தில் தடுக்கும். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் உங்கள் எண்கள் மூன்றும் ஒழுங்காகப் பொருந்திவிடும்.

முதலில் ஏற்பியின் உடலமைப்பு, சுருக்கமாக. அதன் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. புரதம் 920 அமினோ அமில நீளம், எடை சுமார் 110 கிலோடால்டன். பழைய கட்டுரைகள் 919 என்று கணக்கிட்டன, அதனால்தான் எல்.என்.கேப் செல்லின் பிறழ்வை ஒரு கட்டுரை 877 என்றும் இன்னொன்று 878 என்றும் குறிக்கிறது. இரண்டும் ஒன்றுதான். நீளத்தில் பாதிக்கு மேல் என்-முனைப் பகுதி. நிலையான மடிப்பு இல்லாமல் தளர்வாகக் கிடப்பது அது. நடுவில் துத்தநாக விரல்கள் இரண்டைக் கொண்டு டி.என்.ஏ.வைப் பற்றும் பகுதி. சி-முனையில் ஹார்மோன் அமரும் பை. மற்ற ஸ்டீராய்டு ஏற்பிகளில் சி-முனைதான் துணைப் புரதங்களை அதிகம் ஈர்க்கும். ஆண்ட்ரோஜன் ஏற்பியில் அந்தப் பொறுப்பின் பெரும்பகுதி என்-முனையிடம் இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பியைப் பற்றிப் படித்ததை அப்படியே இங்கே கொண்டுவந்து பொருத்துகிறவர்கள் தடுமாறும் இடம் இதுவே.

ஹார்மோன் வருவதற்கு முன்பே துணைப் புரதங்களின் வேலை தொடங்கிவிடுகிறது. ஏற்பி பிறந்தவுடன், புரதங்கள் சரியாக மடிய உதவும் எச்.எஸ்.பி.40, எச்.எஸ்.பி.70 அதைப் பிடித்து எச்.எஸ்.பி.90-இடம் ஒப்படைக்கின்றன. பி23 புரதமும் எஃப்.கே.பி.பி.51, எஃப்.கே.பி.பி.52 ஆகியவையும் பிறகு வந்து சேர்கின்றன. இந்தக் கூட்டம் பையைத் திறந்த நிலையில் பிடித்து வைத்திருப்பதால்தான் ஹார்மோன் உள்ளே நுழைய முடிகிறது. எச்.எஸ்.பி.90-ஐ ஜெல்டனமைசின் போன்ற மருந்தால் முடக்கினால், ஏற்பி மடிப்பு குலைந்து, புரதங்களைச் சிதைக்கும் புரோட்டியசோமில் அழிகிறது. செல் தட்டில் இது பளிச்சென்று தெரியும். ஆனால் அதே வகை மருந்துகள் புராஸ்டேட் புற்றுநோயாளிகளிடம் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. எச்.எஸ்.பி.90 அடங்கும்போது எச்.எஸ்.எஃப்.1 என்ற கட்டுப்பாட்டுப் புரதம் விழித்து எச்.எஸ்.பி.70-ஐ உயர்த்திவிடுகிறது, மற்ற நூற்றுக்கணக்கான புரதங்களும் எச்.எஸ்.பி.90-ஐ நம்பியிருப்பதால் நச்சுத்தன்மையும் கூடுகிறது. இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்: எஃப்.கே.பி.பி.51-ஐ உண்டாக்கும் எஃப்.கே.பி.பி.5 மரபணுவையே ஆண்ட்ரோஜன் ஏற்பி இயக்குகிறது. ஏற்பி தன் உதவியாளரைத் தானே பெருக்கிக்கொள்கிறது. ஹார்மோனுக்குச் செல் பதில் தருகிறதா என்று பார்க்க பி.எஸ்.ஏ.வைவிட எஃப்.கே.பி.பி.5-இன் எம்.ஆர்.என்.ஏ. பல நேரங்களில் விரைவான, தெளிவான அடையாளம்.

டெஸ்டோஸ்டிரோனை 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் நொதி டி.எச்.டி. என்ற வலிமையான ஆண்ட்ரோஜனாக மாற்றுகிறது. டி.எச்.டி. ஏற்பியை இறுகப் பிடிக்கும், மெதுவாகத்தான் விடும். அது பைக்குள் அமர்ந்ததும் 12-ஆம் சுருள் மடங்கி மூடுகிறது, வெளிப்பக்கத்தில் ஏ.எஃப்.-2 என்ற பள்ளம் உருவாகிறது. துணை ஊக்கிகளிடம் லியூசின், ஏதேனும் இரண்டு அமினோ அமிலங்கள், மறுபடி இரண்டு லியூசின் என்ற வரிசை உண்டு. பெரும்பாலான ஏற்பிகளில் அந்த வரிசை இந்தப் பள்ளத்தில் வந்து பொருந்தும். ஆண்ட்ரோஜன் ஏற்பியின் பள்ளமோ லியூசினைவிடப் பெரிய பினைல்அலனைனை விரும்புகிறது. அந்த வரிசை ஏற்பியின் சொந்த என்-முனையிலேயே, 23 முதல் 27 வரையுள்ள இடத்தில் இருக்கிறது. ஆகவே ஹார்மோன் வந்ததும் ஏற்பியின் தலை தன் வாலையே பிடித்துக்கொள்கிறது. எஸ்.ஆர்.சி.-2 சேர்ந்த எஸ்.ஆர்.சி. குடும்பம் பெரும்பாலும் என்-முனையில் துணைப் புரதங்களை ஈர்க்கும் ஏ.எஃப்.-1 பகுதி வழியாக, தங்கள் குளூட்டமின் செறிந்த பகுதியால் வந்து ஒட்டிக்கொள்கிறது. 2020-இல் கிரையோ மின்னணு நுண்ணோக்கியில் முழு நீள ஏற்பி, எஸ்.ஆர்.சி.-3, பி300 என்ற நொதி மூன்றும் டி.என்.ஏ. மேல் சேர்ந்திருக்கும் படம் வெளியானபோது, என்-முனைகள் துணைப் புரதங்களைச் சூழ்ந்து நிற்பது கண்ணுக்கே தெரிந்தது.

எஸ்.ஆர்.சி. புரதங்கள் மூன்று. எஸ்.ஆர்.சி.-1 1995-இல் அறிமுகமானது. எஸ்.ஆர்.சி.-2-ஐ டி.ஐ.எஃப்.2, கிரிப்1, என்.கோ.ஏ.2 என்ற பெயர்களில் பார்ப்பீர்கள். எஸ்.ஆர்.சி.-3 முதலில் மார்பகப் புற்றுநோயில் பெருகிக் கிடந்ததால் ஏ.ஐ.பி.1 என்று அறியப்பட்டது. ஒவ்வொன்றும் சுமார் 160 கிலோடால்டன். இவற்றின் முக்கிய வேலை இணைப்பு: ஒரு கையால் ஏற்பியையும் மறுகையால் பி300 அல்லது சி.பி.பி.யையும் பிடித்துக்கொள்வது. பி300, டி.என்.ஏ. சுற்றியிருக்கும் புரதமான ஹிஸ்டோன் எச்3-இன் 18, 27 ஆகிய லைசின்களில் அசிட்டைல் தொகுதியைச் சேர்க்கிறது, ஏற்பியையும் அசிட்டைலேற்றுகிறது. அந்த அசிட்டைல் குறியை பி.ஆர்.டி.4 என்ற புரதம் படிக்கிறது. மீடியேட்டர் என்ற புரதத் தொகுப்பு, குறிப்பாக அதன் மெட்1, வந்து மரபணுவைப் படியெடுக்கும் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் 2-ஐ இணைக்கிறது. பி.எஸ்.ஏ. மரபணுவான கே.எல்.கே.3-இல் இந்தக் கூட்டம் அமர்வது புரமோட்டருக்குச் சுமார் 4 கிலோபேஸ் முன்னால் உள்ள என்ஹான்சரில் (தொலைவிலிருந்து மரபணுவைத் தூண்டும் டி.என்.ஏ. பகுதி), அங்கிருந்து டி.என்.ஏ. வளைந்து புரமோட்டரைத் தொடுகிறது.

இப்போது உங்கள் முதல் முடிவுக்கு வரலாம். எஸ்.ஆர்.சி.-2 இணைப்பு வேலை செய்யும் புரதம் என்றேன். இணைப்புக்கு எப்போதும் ஓர் உச்ச அளவு உண்டு. செல்லில் பி300 குறிப்பிட்ட அளவுதான் இருக்கிறது. எஸ்.ஆர்.சி.-2 அதைத் தாண்டிப் பெருகினால், சில எஸ்.ஆர்.சி.-2 பி300 கிடைக்காமல் ஏற்பியோடு மட்டும் ஒட்டும். சில ஏற்பி கிடைக்காமல் பி300-ஐ மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும். முழுமையான முக்கூட்டு குறைந்துவிடும். 50-இல் ஏறி 400-இல் இறங்கும் உங்கள் வரைகோடு இதற்கான பாடநூல் வடிவம்.

ஆனால் அதே வரைகோட்டை வேறு இரண்டு காரணங்களும் தரும். அவற்றை விலக்காமல் எழுதினால் தேர்வாளர் நிச்சயம் கேட்பார். முதலாவது, சி.எம்.வி. என்ற வலுவான வைரஸ் புரமோட்டர் உள்ள பிளாஸ்மிட்டை அதிகம் போட்டால் அதுவே மரபணுவைப் படியெடுக்கும் செல்லின் புரதங்களை இழுத்துக்கொள்ளும். எல்லாக் குழிகளிலும் மொத்த டி.என்.ஏ. சமமாக இருக்க வேண்டும்; குறைவதை அதே புரமோட்டர் கொண்ட வெற்று பிளாஸ்மிட்டால் நிரப்ப வேண்டும். 24 குழித் தட்டில் மொத்தம் 500 நேனோகிராம் என்று வையுங்கள்: லூசிஃபெரேஸ் 150, ஏற்பி 10 முதல் 20, ஒப்பீட்டுக்கான இன்னொரு லூசிஃபெரேஸான ரெனில்லா 5, எஸ்.ஆர்.சி.-2 பூஜ்யத்திலிருந்து 300 வரை, மீதி வெற்று பிளாஸ்மிட். ஏற்பியை 20-க்கு மேல் ஏற்றாதீர்கள். ஏற்பி மிகுந்துவிட்டால் அதுவே துணைப் புரதங்களைக் காலி செய்யும். இரண்டாவது, ஏற்பியின் அளவே குறைந்திருக்கலாம். ஒவ்வொரு குழியிலும் கரைசலில் ஒரு பகுதியை எடுத்து ஏற்பிக்கு வெஸ்டர்ன் பிளாட் (புரத அளவைக் காட்டும் சோதனை) பாருங்கள். ரெனில்லாவையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். சில ரெனில்லா பிளாஸ்மிட்கள் ஆண்ட்ரோஜனுக்கே பதில் தருகின்றன. ஹார்மோன் உள்ள குழி, இல்லாத குழி இரண்டின் ரெனில்லா எண்களையும் வகுப்பதற்கு முன் தனித்தனியாகப் பார்த்துவிடுங்கள்.

இவற்றைத் தாண்டியும் இறக்கம் இருந்தால் இரண்டு சோதனைகள் போதும். ஒளி இறங்கும் அளவில் பி300 பிளாஸ்மிட்டைச் சிறிது சேருங்கள் (மொத்த டி.என்.ஏ. கணக்கை அதற்கேற்ப எல்லாக் குழிகளிலும் உயர்த்தி). ஒளி மீண்டால் பற்றாக்குறை பி300-இல் இருந்தது என்று பொருள். அடுத்து, பி300-ஐப் பிடிக்கும் ஏ.டி.1 பகுதி நீக்கிய எஸ்.ஆர்.சி.-2-ஐ அதே அளவுகளில் போடுங்கள். ஊக்கமே இல்லாமல் தொடக்கத்திலிருந்தே இறங்குகிறதா என்று பாருங்கள்.

இன்னும் நேர்மையான வழி ஒன்று உண்டு, என் பரிந்துரையும் அதுதான்: துணைப் புரதத்தைத் திணிப்பதை விட்டுவிட்டு, இருப்பதைக் குறையுங்கள். எல்.என்.கேப் செல்களில், குறிப்பிட்ட மரபணுவை அடக்கும் சிறு ஆர்.என்.ஏ.வான எஸ்.ஐ.ஆர்.என்.ஏ. 20 நேனோமோலாரில், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு வரிசைகளோடு 48 முதல் 72 மணி நேரம் வைத்து, செல்லின் சொந்த மரபணுக்களை அளவிடுங்கள்: கே.எல்.கே.3, எஃப்.கே.பி.பி.5, டி.எம்.பி.ஆர்.எஸ்.எஸ்.2, என்.கே.எக்ஸ்.3-1. புகுத்திய பிளாஸ்மிட், ஹிஸ்டோனோடு சேர்ந்த குரோமட்டினாக முழுமையாகச் சுருண்டிருப்பதில்லை. ஹிஸ்டோனில் வேலை செய்யும் துணைப் புரதங்களின் உண்மையான பங்கு அதில் மங்கலாகத்தான் தெரியும். நான்கு மரபணுக்களும் ஒரே அளவு இறங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஏற்பியின் ஒவ்வொரு இலக்கு மரபணுவும் வெவ்வேறு துணைப் புரதங்களைச் சார்ந்திருக்கிறது. ஒன்று பாதியாகக் குறைய, பக்கத்து மரபணு அசையாமல் இருக்கலாம். அது கோளாறு அல்ல, அதுதான் கண்டுபிடிப்பு. எஸ்.ஆர்.சி.-2 குறையும்போது எஸ்.ஆர்.சி.-1, எஸ்.ஆர்.சி.-3 ஏறுகின்றனவா என்றும் கட்டாயம் பாருங்கள்.

இரண்டாவது முடிவு, ஹார்மோன் கூடக் கூடப் பெருக்கம் குறைவது. எல்.என்.கேப் செல்லின் பெருக்கம் ஆர்1881 சுமார் 0.1 நேனோமோலாரில் உச்சம் தொடும், 1 முதல் 10 நேனோமோலாருக்குள் இறங்கிவிடும், பி.எஸ்.ஏ. மட்டும் ஏறிக்கொண்டே போகும். இதற்கான ஒரு விளக்கம் துணைப் புரதங்களிடம் இருக்கிறது. எல்.எஸ்.டி.1 என்ற நொதி ஹிஸ்டோனிலிருந்து மெத்தில் தொகுதிகளை அகற்றுவது. பி.எஸ்.ஏ. என்ஹான்சரில் அது ஏற்பிக்கு ஊக்கியாக நிற்கிறது. ஹார்மோன் அதிகமானதும் அதே ஏற்பி, ஆண்ட்ரோஜன் ஏற்பி மரபணுவின் இரண்டாம் இன்ட்ரானில் (புரதமாக மாறாத இடைப்பகுதி) உள்ள என்ஹான்சரில் போய் அமர்ந்து, அங்கே எல்.எஸ்.டி.1-ஐக் கொண்டு அந்த மரபணுவையே அடக்குகிறது. அதாவது ஏற்பி தன் உற்பத்தியைத் தானே குறைக்கிறது. ஒரே ஏற்பி, ஒரே துணைப் புரதம், இரண்டு இடங்களில் நேர்மாறான விளைவு. கூடவே, பாஸ்பேட் குறைந்த ஆர்.பி. என்ற கட்டி அடக்கிப் புரதம் ஏற்பியோடு சேர்ந்து டி.என்.ஏ. நகலெடுப்புக்கான மரபணுக்களை ஒடுக்குவதும் காட்டப்பட்டிருக்கிறது. ஆகவே 0.01, 0.1, 1, 10 நேனோமோலார் நான்கையும் ஒரே தட்டில் வைத்து, பி.எஸ்.ஏ., செல் எண்ணிக்கை, ஏற்பியின் எம்.ஆர்.என்.ஏ. மூன்றையும் சேர்த்து அளவிடுங்கள். ஒற்றை அளவில் செய்த சோதனை இந்தத் துறையில் பாதி உண்மையைத்தான் சொல்லும்.

இதை அடிப்படையாக வைத்து, ஹார்மோன் சிகிச்சைக்கு அடங்காத நோயாளிகளுக்கு 28 நாளுக்கு ஒருமுறை 400 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் சிப்பியோனேட் கொடுத்துப் பார்த்த மருத்துவ ஆய்வுகள் உண்டு. அது ஆய்வுச் சூழலில், நெருங்கிய கண்காணிப்பில் நடந்தது. குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் இருந்து இதைப் படிக்கிறவர்கள், டெஸ்டோஸ்டிரோன் நல்லது என்று எடுத்துக்கொண்டுவிட வேண்டாம். எலும்பில் பரவிய நோய் உள்ளவருக்கு அது வலியையும் தண்டுவட அழுத்தத்தையும் கொண்டுவரலாம்.

மூன்றாவது, வி.கேப் செல்லும் பைகலுடமைடும். இங்கே ஒடுக்கிகள் வருகின்றன. என்.கோர்., ஸ்மர்ட் இரண்டும் சுமார் 270 கிலோடால்டன் எடையுள்ள பெரிய புரதங்கள், எச்.டி.ஏ.சி.3 என்ற நொதியைக் கூட்டிவந்து அசிட்டைலை அகற்றுகின்றன. பைகலுடமைடு அமர்ந்த ஏற்பியின் 12-ஆம் சுருள் சரியாக மூடாது; ஊக்கிகள் நழுவுகின்றன, ஒடுக்கிகள் ஒட்டுகின்றன. ஏற்பி சாதாரண அளவில் இருக்கும்வரை இது நடக்கும். வி.கேப் செல்லில் ஏற்பி மரபணு பல படிகளாகப் பெருகியிருக்கிறது. ஏற்பி அதிகமாகும்போது கிடைக்கும் ஒடுக்கிகள் எல்லா ஏற்பிக்கும் போதாமல் போகின்றன; மருந்து அமர்ந்த ஏற்பியிலும் ஊக்கிகள் வந்து சேர்கின்றன. ஏற்பியின் அளவைக் கூட்டினாலே பைகலுடமைடு தடுப்பிலிருந்து ஊக்கத்துக்குத் திரும்புகிறது என்பது 2004-லேயே காட்டப்பட்டது. அந்தப் புரிதலில் இருந்துதான் என்சலுடமைடு என்ற அடுத்த தலைமுறைத் தடுப்பு மருந்து பிறந்தது. அது ஏற்பி உட்கருவுக்குள் போவதையும், டி.என்.ஏ.வைப் பற்றுவதையும், ஊக்கிகள் சேர்வதையும் குறைக்கிறது. உங்கள் தட்டில் அதை 10 மைக்ரோமோலாரில் ஒப்பீட்டுக்கு வையுங்கள், வி.கேப் பி.எஸ்.ஏ. இறங்க வேண்டும்.

எல்.என்.கேப்பில் இன்னொரு சிக்கல். அதன் 878-ஆம் இடத்தில் திரியோனினுக்குப் பதில் அலனைன் இருப்பதால், புரோஜெஸ்டிரோன், ஈஸ்ட்ராடையால், ஹைட்ராக்ஸி ஃபுளூடமைடு எல்லாமே அதற்கு ஊக்கிகள். இது மருந்தறையில் மட்டுமல்ல, உங்கள் ஊடகக் குப்பியிலும் முக்கியம். ஃபினால் ரெட் சாயத்துக்கு ஈஸ்ட்ரோஜன் போன்ற குணம் உண்டு. ஃபினால் ரெட் இல்லாத ஆர்.பி.எம்.ஐ. 1640, அதில் கரித்தூளால் ஹார்மோன் நீக்கிய சீரம் 5 அல்லது 10 விழுக்காடு: இதில் குறைந்தது 48 மணி நேரம், முடிந்தால் 72 மணி நேரம் செல்களை வைத்த பிறகே ஹார்மோன் கொடுங்கள். தினமும் ஒருமுறை ஊடகத்தை மாற்றினால் செல்லுக்குள் மிச்சமிருக்கும் ஹார்மோன் வெளியேற உதவும். கரித்தூள் ஹார்மோனை மட்டும் எடுப்பதில்லை, சில வளர்ச்சிக் காரணிகளையும் எடுக்கிறது. சீரத்தின் குணம் தயாரிப்புத் தொகுதிக்குத் தொகுதி வேறுபடும். ஒரே ஆய்வுக்கு ஒரே தொகுதி எண் என்பதை முன்கூட்டியே சொல்லி வாங்கிவிடுங்கள். கோலாலம்பூர் விநியோகஸ்தரிடமிருந்து லோரியில் பினாங்குக்கு வரும் பெட்டியில் உலர்பனி தீர்ந்து சீரம் உருகியிருந்தால் ஏற்றுக்கொள்ள வேண்டாம். 72 மணி நேர ஹார்மோன் பட்டினியும் 24 மணி நேர ஹார்மோனும் சேர்ந்தால் நான்கு நாள். தைப்பூசம், நோன்புப் பெருநாள் விடுமுறைகளைக் காலண்டரில் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். பட்டினியில் கூடுதலாக இரண்டு நாள் கிடந்த எல்.என்.கேப் நரம்புச் செல் போல நீண்டு, வேறு விதமாக நடந்துகொள்ளும்.

ஆர்1881 எல்.என்.கேப்பில் எளிதில் சிதையாது. டி.எச்.டி.யை இந்தச் செல்கள் குளுக்குரோனைடாக மாற்றி வெளியேற்றிவிடும். காலையில் போட்ட 10 நேனோமோலார் மறுநாள் காலையில் இருக்காது. டி.எச்.டி.யில் நீண்ட சோதனை என்றால் தினமும் புதிதாகக் கொடுக்க வேண்டும். ஆர்1881 ஒளியில் வினைபுரியும். பழுப்புக் கண்ணாடிக் குப்பியில், மைனஸ் 20-இல் வையுங்கள். அது புரோஜெஸ்டிரோன் ஏற்பியையும் பற்றும் என்பதால் முக்கியமான முடிவை டி.எச்.டி.யிலும் ஒருமுறை உறுதிசெய்ய வேண்டும். எத்தனால் கரைசலைக் குளிர்ந்தபடியே திறந்தால் நம் ஊர் ஈரப்பதத்தில் குப்பிக்குள் நீர் படியும். அடிக்கடி திறந்தால் எத்தனால் ஆவியாகி அளவு கூடும். சிறு பங்குகளாகப் பிரித்து, அறை வெப்பநிலைக்கு வந்தபின் திறந்து, பயன்படுத்தியதைத் தூக்கி எறிவதே வழி. இறுதி எத்தனால் 0.1 விழுக்காட்டுக்குள் இருக்கட்டும், ஹார்மோன் இல்லாத குழிக்கும் அதே அளவு. எல்.என்.கேப் தட்டில் இலேசாகத்தான் ஒட்டும். பாலி-லைசின் பூசிய தட்டு, மெதுவான பிப்பெட். கழுவும்போது போன செல்களை ‘பெருக்கம் குறைந்தது’ என்று எழுதிவிடாதீர்கள். 40 பாசேஜ் (புதுத் தட்டுக்கு மாற்றி வளர்த்த முறை) தாண்டிய செல்கள் ஹார்மோனைச் சார்வது குறைந்துகொண்டே வரும். மைக்கோபிளாஸ்மா சோதனை மாதம் ஒருமுறை.

துணைப் புரதம் உண்மையில் ஏற்பியோடு ஒட்டுகிறதா என்று காட்டுவது தனிக் கலை. இந்தப் பிணைப்புகள் பலவீனமானவை. ரிபா என்ற வலுவான செல் உடைப்புக் கரைசல் அவற்றை அறுத்துவிடும். உட்கருவிலிருந்து 300 முதல் 420 மில்லிமோலார் உப்பில் பிரித்தெடுத்து, 150-க்கு நீர்த்து, என்.பி.-40 என்ற மென்மையான சோப்புப் பொருள் 0.5 விழுக்காடு உள்ள கரைசலில் இம்யூனோ வீழ்படிவு (எதிர்ப்பொருளால் புரதத்தைப் பிடித்தெடுப்பது) செய்யுங்கள். டி.என்.ஏ.வைச் சிதைக்கும் பென்சோனேஸ் அவசியம், இல்லாவிட்டால் ஒரே டி.என்.ஏ. துண்டில் அருகருகே அமர்ந்த இரண்டு புரதங்களை ஒட்டியவை என்று நினைத்துவிடுவீர்கள். எஸ்.ஆர்.சி., என்.கோர்., பி300 எல்லாம் பெரியவை. 6 விழுக்காடு ஜெல், 4 டிகிரியில் 30 வோல்ட்டில் இரவு முழுக்க ஈரப் பரிமாற்றம். ஒரு மணி நேர விரைவுப் பரிமாற்றத்தில் பி300 ஜெல்லிலேயே தங்கிவிடும்.

ஒரு புரதம் டி.என்.ஏ.வில் எங்கே அமர்கிறது என்று காட்டும் குரோமட்டின் வீழ்படிவில் ஏற்பிக்கு 1 விழுக்காடு ஃபார்மால்டிஹைடு 10 நிமிடம், பிறகு 125 மில்லிமோலார் கிளைசின் 5 நிமிடம் போதும். துணைப் புரதங்கள் டி.என்.ஏ.வை நேரடியாகத் தொடுவதில்லை; ஃபார்மால்டிஹைடுக்கு முன், புரதங்களை ஒன்றோடொன்று பிணைக்கும் 2 மில்லிமோலார் டி.எஸ்.ஜி.யில் 30 முதல் 45 நிமிடம் வைத்தால்தான் எஸ்.ஆர்.சி., என்.கோர். சிக்னல் நம்பும்படி வரும். ‘அறை வெப்பநிலை’ என்றால் குளிரூட்டிய அறையின் 22 டிகிரியா, குளிரூட்டி நின்ற பிற்பகலின் 30 டிகிரியா என்பது பிணைப்பின் வேகத்தை மாற்றும். ஒரே வெப்பநிலையில் செய்யுங்கள். துண்டுகள் 200 முதல் 500 பேஸ். ஒரு துணைப் புரதத்துக்கு ஒரு கோடி செல்கள். ஹார்மோனுக்குப் பின் 1, 4, 16 மணி நேரம் என மூன்று வேளை எடுங்கள். ஒரே வேளையில் பார்த்து ‘வரவில்லை’ என்று முடிவு செய்வது ஆபத்து.

சிகிச்சைக்கு அடங்காத நோயில் இவை எப்படிச் சேர்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும், ஏனெனில் உங்கள் ஆய்வின் பொருளே அதுதான். ஊசியாலும் மாத்திரையாலும் ஹார்மோன் வற்றியபின் மிஞ்சும் சிறிதளவு ஆண்ட்ரோஜனுக்கும் ஏற்பி பதில் தரும்படி எஸ்.ஆர்.சி.-1, எஸ்.ஆர்.சி.-2 அளவுகள் உயர்ந்திருப்பது 2001-இலேயே திசுக்களில் காணப்பட்டது. என்.கோ.ஏ.2 மரபணுவை ஆண்ட்ரோஜன் சாதாரணமாக அடக்கி வைக்கிறது. ஹார்மோனைக் குறைக்கும் சிகிச்சையே அந்த அடக்கத்தை எடுத்துவிடுகிறது. இண்டர்லியூகின்-6, மேப் கைனேஸ் என்ற செல் சமிக்ஞைப் பாதை வழியாக எஸ்.ஆர்.சி.-1-இல் பாஸ்பேட் ஏறினால் ஹார்மோன் இல்லாமலே ஏற்பி ஓரளவு இயங்கும். ஸ்பாப் என்ற புரதம் எஸ்.ஆர்.சி.-3-ஐயும் ஏற்பியையும் அழிவுக்கு அனுப்புவது. முதன்மைக் கட்டிகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்றில் ஸ்பாப் பிறழ்ந்து, அழிய வேண்டியவை தங்கிவிடுகின்றன. ஏ.ஆர்.-வி7 என்ற குட்டை வடிவத்துக்கு ஹார்மோன் பையே கிடையாது, சுமார் 80 கிலோடால்டன். ஆனால் என்-முனை முழுதாக இருப்பதால் அதன் வழி வரும் துணைப் புரதங்கள் அதற்கும் கிடைக்கின்றன. 2014-இல் வந்த ஆய்வில், என்சலுடமைடு தொடங்கிய 31 பேரில் 12 பேரின் ரத்தத்தில் சுற்றும் கட்டிச் செல்களில் ஏ.ஆர்.-வி7 இருந்தது, அந்த 12 பேரில் ஒருவருக்கும் பி.எஸ்.ஏ. பதில் கிடைக்கவில்லை. இதை ஆராய, ஏ.ஆர்.-வி7 உள்ள 22ஆர்வி1 செல்லை எடுங்கள்.

துணைப் புரதங்களையே குறிவைக்கும் மருந்துகள் தேடப்படுகின்றன. பி.ஆர்.டி.4-ஐத் தடுக்கும் ஜே.க்யூ.1 செல்லிலும் எலியிலும் வேலை செய்தது. பி300, சி.பி.பி. இரண்டின் புரோமோடொமைனை (அசிட்டைல் குறியைப் பற்றும் பகுதி) தடுக்கும் இனோப்ரோடிப் மனிதர்களிடம் சோதிக்கப்படுகிறது. எஸ்.ஆர்.சி.-3-ஐக் குறைக்கும் பூஃபலின் பற்றிப் படித்திருப்பீர்கள். அது தேரை நஞ்சிலிருந்து கிடைப்பது, சீன மருத்துவத்தில் சான் சூ என்று வழங்குவது. செல் தட்டில் பலன் தந்த அதே பொருள் இதயத் துடிப்பைக் குலைக்கும். டிஜாக்சின் வகையைச் சேர்ந்தது. யாராவது மருந்துக் கடையில் கேட்டு வாங்கலாமா என்று உங்களிடம் விசாரித்தால், கூடாது என்று உறுதியாகச் சொல்லுங்கள்.

கடைசியாக, எந்தச் செல்லில் ஆராய்கிறோம் என்பது. எல்.என்.கேப் 1977-இல் ஓர் 50 வயது வெள்ளையரின் காறை எலும்புக்கு மேலுள்ள நிணநீர்க் கணுவிலிருந்து எடுக்கப்பட்டது. ஏற்பிக்கு முன்பே குரோமட்டினைத் திறந்து வைக்கும் முன்னோடிப் புரதம் ஃபாக்ஸ்ஏ1. மேற்கத்திய முதன்மைக் கட்டிகளில் அதன் பிறழ்வு சில விழுக்காடுதான். 2020-இல் வெளியான சீன நோயாளிகள் 208 பேரின் ஆய்வில் 41 விழுக்காடு. மலாய், சீன, தமிழ் நோயாளிகள் ஒரே வார்டில் படுத்திருக்கும் பினாங்கு, கோலாலம்பூர் மருத்துவமனைகளின் திசுக்களில் ஃபாக்ஸ்ஏ1-ம் அதைச் சூழும் துணைப் புரதங்களும் எப்படி இருக்கின்றன என்பது, எல்.என்.கேப்பில் இன்னொரு எஸ்.ஆர்.சி. வரைகோடு போடுவதைவிடப் பெறுமதியான கேள்வி. ஆய்வு நெறிக்குழுவுக்கு விண்ணப்பம் எழுதும்போது, நோயாளியின் இனத்தோடு, திசு எடுத்த அன்று அவர் ஹார்மோன் ஊசியில் இருந்தாரா, எத்தனை மாதமாக, எந்த மருந்து, அப்போதைய டெஸ்டோஸ்டிரோன் அளவு என்ன என்ற நான்கையும் படிவத்தில் கட்டங்களாக வையுங்கள். ஹார்மோன் குறைந்ததாலேயே என்.கோ.ஏ.2 ஏறும் என்பதால், அந்த நான்கும் இல்லாத திசுவில் துணைப் புரதத்தை அளந்து எதனோடும் ஒப்பிட முடியாது.